சொல்லிக்கொள்ளாமல்

வேலப்பன்சேரி அடுக்குமாடிக் குடியிருப்பில், சண்டை வருவதற்கு முன்பே சண்டையைத் தடுக்கும் திட்டம் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்த எட்டு மாதத்தில் அடிதடி பாதியாகக் குறைந்துவிட்டது என்று அறிக்கை சொன்னது. மீதிப் பாதி எல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், திட்டத்தின் ஒட்டுக்கேட்கும் கம்பங்கள் இல்லாத காலி மனையில் நடந்தது. அது அடுத்த ஊராட்சி என்பதால் அறிக்கையில் வராது.

குடியிருப்பின் வாசலில், மூடிப்போன நூலகக் கட்டடத்தில் கூட்டு அறை இருந்தது. காவல், நகராட்சி, மின்சாரம், குடிநீர் என்று நான்கு துறைக்கும் ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு மின்விசிறி. இணைப்பு அலுவலர் அங்கயற்கண்ணி. வருவாய்த் துறையிலிருந்து அயல்பணியில் வந்தவள், மதுரைக்காரி, நாற்பத்தெட்டு வயது. நான்கு துறைகளையும் ஒரே அறையில் உட்கார வைப்பது அவள் பொறுப்பு. உட்கார வைத்துவிட்டாள். ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்று ஆணையில் எங்கும் இல்லாததால், அவர்கள் பக்கத்து மேசைக்குக் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

திட்டத்தின் பெயர் இணக்கம். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு ஓரமாக ஒரு பச்சைக் கம்பம் நட்டிருந்தார்கள். அதற்குக் காது மட்டும் உண்டு, கண் கிடையாது. கண் வைத்தால் யாராவது வழக்குப் போடுவார்கள் என்று சட்டப் பிரிவு சொல்லிவிட்டது. கம்பம் கேட்டதையும் நான்கு துறைகளுக்கு வந்த புகார்களையும் சேர்த்துப் பிசைந்து, வீட்டுக்கு வீடு உரசல் எண் என்று ஒன்றை இணக்கம் கொடுக்கும். பூஜ்யம் என்றால் பரம அமைதி. எழுபதைத் தாண்டினால் இரண்டொரு நாளில் யாருக்காவது மண்டை உடையும்.

எதைக் கேட்க வேண்டும் என்று கம்பத்துக்குச் சொல்லித் தந்ததே அங்கயற்கண்ணிதான். வெளிமாநிலத்திலிருந்து வந்த பொறியாளர்கள் முதலில் கெட்ட வார்த்தைகளைத்தான் எண்ணினார்கள். முதல் வாரப் பட்டியலில் உயிர்த்தோழர்கள் எல்லோரும் முன்வரிசையில் வந்து நின்றார்கள். இது சரிப்படாது என்று தெரிந்ததும், இரண்டு வீட்டுக்குள் பகை மூளுகிறது என்பதற்கு முதல் அடையாளம் எது என்று அவளிடம் கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. "சொல்லிக்காமக் கெளம்புவாங்க" என்றாள்.

கிளம்புகிற மனிதன் 'வரேன்' என்று சொல்வான், அப்படியென்றால் போகிறான் என்று அர்த்தம், சொல்லாமல் போனால்தான் இனி வரமாட்டான் என்று அர்த்தம். இதைப் பொறியாளர்களுக்குப் புரியவைக்க அரை நாள் பிடித்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு அவள் தம்பி அவள் வீட்டிலிருந்து அப்படித்தான் கிளம்பினான். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் சரியாகக் கவனிக்கவில்லை என்ற பேச்சு. செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை இல்லாமல் படியிறங்கிப் போனவன்தான். அதை அவள் பொறியாளர்களிடம் சொல்லவில்லை.

யோசனை பிரமாதமாக வேலை செய்தது. சொல்லிக்கொள்ளாமல் ஆட்கள் கிளம்புகிற வீடுகளில் இரண்டே நாளில் சண்டை வந்தது. போலீஸ் முன்கூட்டியே போய் நின்றது. குடியிருப்புக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? ஒரே மாதத்தில் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யார் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள் என்று கவனிக்கிற கம்பத்துக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார்கள். ஜென்ம விரோதிகள்கூட, பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பத்தைப் பார்த்து "வரேங்க" என்று கத்திவிட்டுப் போனார்கள்.

அதற்கும் மருந்து கண்டுபிடித்தார் காவல் மேசையின் சார்பு ஆய்வாளர் ஜெபராஜ். வரேன் என்று சொன்னவர் முப்பது நாளுக்குள் திரும்பி வந்தாக வேண்டும், வராவிட்டால் பொய் வாக்கு, நோட்டீஸ் போகும் என்று ஒரு விதி சேர்த்தார். அதன்பிறகு ஜென்ம விரோதிகள் மாதம் ஒரு முறை எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தார்கள்.

குடியிருப்பை ஒட்டிய அலுவலர் குடியிருப்பில்தான் அங்கயற்கண்ணியும் இருந்தாள். அவள் வீட்டு எண் எட்டு மாதமும் பூஜ்யம். அதற்கு ஒரு நற்சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். யாரும் வராத வீட்டிலிருந்து யாரும் சொல்லாமல் போக முடியாது என்பது சான்றிதழில் இல்லை.

இதுவரை எண் ஏறினால் திரையில் சிவப்பு எரியும், ஜெபராஜ் பார்த்து முடிவெடுப்பார். போன வாரம் புது ஆணை வந்தது. எண் தொண்ணூறைத் தாண்டினால் யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. நான்கு துறைகளும் ஒரே நொடியில் தாமாகச் செயல்படும்: மின்சாரம் நிற்கும், தண்ணீர் நிற்கும், தடுப்பு வைக்கச் சொல்லிக் காவலருக்கு உத்தரவு போகும், நகராட்சி நோட்டீஸ் அச்சாகிவிடும். முப்பதுக்குக் கீழே இறங்கினால் எல்லாம் தாமாகத் திரும்பும். அவசரமாக நிறுத்த வேண்டுமானால் நான்கு துறை அலுவலர்களும் கூட்டு அறையில் கைரேகை வைக்க வேண்டும். எட்டு மாதத்தில் நான்கு துறைகளும் ஒன்றாகச் செய்யப்போகிற முதல் காரியம் என்று அங்கயற்கண்ணி பெருமைப்பட்டாள்.

அந்தப் பெருமை சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பது வரை நீடித்தது.

எஃப் பிளாக், இரண்டாம் மாடி, பதினான்காம் எண் வீடு. உரசல் எண் தொண்ணூற்று நான்கு. காலையிலிருந்து அறுபத்தேழு பேர் வந்து, அறுபத்தேழு பேரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியிருந்தார்கள். திரையில் இருந்த நாலு விளக்கும் பட்பட்டென்று எரிந்தன. "கலவரமே நடக்கப்போகுது" என்றார் நகராட்சி மேசையின் சுகாதார ஆய்வாளர் லோகிதாசன், கொஞ்சம் ஆசையாகவே. ஜெபராஜின் போன் அடித்தது. தடுப்பு வைக்கப் போன காவலர் பேசினார். ஜெபராஜ் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், அது சாவு வீடு."

சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். வரேன் என்று அங்கே சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். வந்தவர்கள் பார்ப்பார்கள், அழுவார்கள், வாய் திறக்காமல் இறங்கிப் போவார்கள். இது அங்கயற்கண்ணிக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்ததால்தான் நினைவுக்கு வரவில்லை.

இதற்கு முன்னால் இங்கே யாரும் சாகவே இல்லையா என்று ஜெபராஜிடம் கேட்டாள். மூன்று பேர் செத்தார்கள், மூன்று முறையும் சிவப்பு எரிந்தது, நான்தான் கையால் அழித்தேன் என்றார் அவர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொல்வதற்குப் படிவம் எதுவும் இல்லையே மேடம் என்றார். அவர் குறும்பாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இல்லை.

செத்துப்போனவர் தணிகாசலம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரே மகள் தேன்மொழி குவைத்தில் நர்ஸ். விமானம் பிடித்துவிட்டாள், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சேர்வாள். அதுவரை உடல் தாங்க வேண்டும் என்று ஐஸ் பெட்டி எடுத்து வைத்திருந்தார்கள். மே மாதம். பெட்டிக்கு மின்சாரம் இப்போதுதான் நின்றிருந்தது.

அங்கயற்கண்ணி ஒவ்வொரு மேசையாகப் போனாள். இறப்பைப் பதிவு செய்துவிட்டால் இணக்கத்துக்குத் தெரிந்துவிடும் அல்லவா என்றாள் லோகிதாசனிடம். தெரிந்துவிடும், ஆனால் டாக்டர் சான்று வந்து, சரிபார்த்து, ஏற்றுவதற்கு மூன்று வேலை நாள், இன்று சனிக்கிழமை என்றார் அவர். மின்சார மேசைக்காரர் தன் கையில் ஒன்றும் இல்லை, மெயின் எங்கே இருக்கிறது என்பதே புது ஆணைக்குப் பிறகு தனக்குக் காட்டப்படவில்லை என்றார். சரி, நான்கு பேரும் கைரேகை வைத்துவிடலாம் என்றால் குடிநீர் மேசை காலியாக இருந்தது. குடிநீர்ப் பொறியாளர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். அவருடைய பெரியப்பா சாவுக்கு.

மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். எண்ணை முப்பதுக்குக் கீழே இறக்க வேண்டும். எண் இறங்க வேண்டுமானால், அந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் வரேன் என்று சொல்ல வேண்டும்.

டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எஃப் பிளாக்குக்கு நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. படிக்கட்டெல்லாம் ஆட்கள் இருந்தார்கள், தடுப்புக்கு உள்ளே மாட்டிக்கொண்டவர்கள், நாற்பது பேருக்கு மேல். பெட்டியின் கண்ணாடியில் வியர்த்துவிட்டிருந்தது. யாரோ ஒரு பெண் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க வியர்த்தது. தணிகாசலத்தின் மனைவி பச்சையம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

பக்கத்தில் ஒரு கிழவர் நின்றிருந்தார். நாகப்பன், பஸ் டிரைவராக இருந்தவர். அவரும் தணிகாசலமும் ஒரே வண்டியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். ஜெனரேட்டர் வைத்தால் இரைச்சல் என்று எண் இன்னும் ஏறும் என்பதையும், ஐஸ் கொண்டுவந்த ஆட்டோ தடுப்பில் திரும்பிப் போனதையும் அவர்தான் சொன்னார். இரண்டு மணிக்குள் கரண்ட் வராவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை என்றார். மகள் வந்து அப்பா உட்காரும் நாற்காலி காலியாகக் கிடப்பதைத்தான் பார்ப்பாள்.

அங்கயற்கண்ணி விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. எல்லோரும் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, பச்சையம்மாளைப் பார்த்து, போய்ட்டு வரேன் என்று கம்பத்துக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றாள்.

யாரும் அசையவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி மட்டும் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

"சாவூட்ல வரேன்னு சொன்னா இன்னா அர்த்தம்னு தெரியுமாம்மா உனக்கு?" என்றார் நாகப்பன்.

"தெரியும்ங்கய்யா."

"மாமியாருக்கு இத்தச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"தெரிஞ்சுமா குடுத்த?"

அவளுக்கு அவமானமாக இருந்தது. ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. முதலில் தானே சொல்லிக் காட்டலாம் என்று வாசலுக்குப் போய், "போய்ட்டு வரேம்மா" என்றாள். எண் தொண்ணூற்று நான்கிலேயே நின்றது. அதிகாரிகளின் குரலை முதல் மாதமே விலக்கி வைத்துவிட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அவர்கள் எந்த வீட்டிலும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, அதனால் அவர்கள் போன இடமெல்லாம் எண் ஏறிக்கொண்டிருந்தது.

பச்சையம்மாள் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். இவ்வளவு நேரம் நடந்தது எதுவும் அவள் காதில் விழவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அடுத்த சாவு என்னுதுதான்" என்றாள், சோறு ஆச்சா என்று கேட்கிற குரலில். "எனக்கு சர்க்கர கீது, நெஞ்சு வலி கீது. வேற யாரு முந்தப் போறாங்க? என் சாவுக்கு வருவீங்க இல்ல? அத்த இப்பவே சொல்லிட்டுப் போங்க. என் பொண்ணு அவ அப்பன் மூஞ்சியப் பாக்கணும்."

பிறகு குழந்தைக்காரிதான் முதலில் முன்னால் வந்தாள். "வரேன் அத்த" என்றாள். குரல் வெளியே வரவே இல்லை. கம்பத்துக்குக் கேட்டுவிட்டது. எண் தொண்ணூற்று இரண்டு.

அதன்பிறகு வரிசை நகர்ந்தது. வரேன் அக்கா. வரேன் பெரிம்மா. போய்ட்டு வரேன் அண்ணி. சிலர் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் சொல்லும்போதே உடைந்து அழுதார். பச்சையம்மாள் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டி, "வா" என்றாள். அங்கயற்கண்ணி டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுபத்தொன்று. ஐம்பத்தெட்டு. நாற்பது. மணி ஒன்று முப்பத்தைந்து ஆனபோது வீட்டில் அவளையும் பச்சையம்மாளையும் நாகப்பனையும் தவிர யாரும் இல்லை. எண் முப்பத்தொன்றில் நின்றது.

நாகப்பன் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். "அண்ணே, நீயும் சொல்லிடு" என்றாள் பச்சையம்மாள். உன்னைப் பார்த்து என் வாயால் அதைச் சொல்ல முடியாது தாயே, உன் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் நான் என்றார் அவர். பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய்க் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு நண்பனின் முகத்தைப் பார்த்து, கம்பத்துக்கும் கேட்கிற மாதிரி, சொன்னார்.

"வரேன்டா தணிகாசலம்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். எண் இருபத்தொன்பது. ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

தேன்மொழி ஆறு பத்துக்கு வந்தாள். கண்ணாடியைத் திறந்து கொடுத்தார்கள். இரண்டு கையாலும் அப்பாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னாப்பா இப்டி ஜில்லுனு கீற" என்று அழுதாள். தடுப்பை எடுத்துக்கொண்டிருந்த காவலர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அங்கயற்கண்ணி படிக்கட்டிலேயே நின்று பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். இப்போது அதுதான் முறை.

துக்க வீடுகளுக்கு விலக்கு அளிக்க வேண்டும் என்று திங்கட்கிழமை அவள் எழுதி அனுப்பினாள். துக்கம் என்பதற்கு வரையறை கேட்டு அது சட்டப் பிரிவில் நிற்கிறது. முப்பது நாள் விதி மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. பச்சையம்மாளிடம் வரேன் என்று சொன்னவர்கள் எல்லோருக்கும் நினைவூட்டல் போனது, எல்லோரும் வந்தார்கள். சிலர் மாமியாருக்குப் பயந்து வந்தார்கள், சிலர் தாமாக வந்தார்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று பச்சையம்மாள் கேட்கவில்லை. தினமும் இரண்டு பேர் மூன்று பேராவது வந்து உட்கார்ந்து போனதால் அவள் வேளாவேளைக்கு மாத்திரை போட்டாள், யாராவது போடு என்று சொன்னார்கள்.

நாற்பதாம் நாள் நாகப்பன் கூட்டு அறைக்கு வந்தார். கையில் ஒரு நோட்டீஸ். அங்கயற்கண்ணி வாங்கிப் படித்தாள். 'தணிகாசலம் என்பவரிடம் வருவதாகத் தாங்கள் வாக்களித்து, முப்பது நாட்கள் கடந்தும் வராதது அறியப்படுகிறது. இந்நோட்டீஸ் கிடைத்த ஏழு நாட்களுக்குள் மேற்படி நபரிடம் நேரில் செல்லத் தவறினால் தங்கள் மீது கூட்டு நடவடிக்கை எடுக்கப்படும்.' கீழே நான்கு துறைகளின் முத்திரைகளும் பளிச்சென்று விழுந்திருந்தன.

"போறதப் பத்தி ஒண்ணும் இல்லமா" என்றார் நாகப்பன். "சொன்னது சொன்னதுதான். ஆனா ஏழு நாள் கம்மியா கீது. பேத்திக்கு ஆவணியில கல்யாணம்."

லோகிதாசன் ஒரு காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அங்கயற்கண்ணி மேசை இழுப்பறையைத் திறந்து கால நீட்டிப்புப் படிவத்தை எடுத்தாள். இதற்குப் படிவம் இருந்தது. எவ்வளவு காலம் என்ற கட்டத்தில் 'காலவரையின்றி' என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. அவரைக் கேட்டாள்.

நாகப்பன் யோசித்தார். "இருவத்திரண்டு வருசம் அவன் விசில் குடுக்காம நான் வண்டிய எடுத்ததில்ல" என்றார். "இன்னும் குடுக்கல."

'நடத்துநர் இன்னும் விசில் கொடுக்கவில்லை' என்று எழுதி, காவல் மேசைக்குக் கொடுத்தாள். ஜெபராஜ் இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டார். லோகிதாசன் போட்டார். மின்சாரக்காரர் போட்டார். ஊரிலிருந்து மொட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருந்த குடிநீர்ப் பொறியாளர், படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டார். நான்கு துறைகளும் கடிதம் எழுதிக்கொள்ளாமல் ஒன்றாகச் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

நாகப்பன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார். இங்கே சொல்லலாம் இல்லையா என்று கேட்டார். சொல்லலாம் என்றாள் அவள்.

"வரேமா."

"வாங்க."

அன்று அவள் மத்தியானமே அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். தம்பியின் விலாசம் ஐந்து வருஷமாகக் கைப்பையின் உள்ளறையில் இருந்தது, மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு போனாள். அங்கே போய், கதவு திறந்ததும் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பும்போது என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும்.